பிரின்ஸ்டனின் 35 சதவீதம்: பத்து ஆண்டு நீடித்த ஒரு முயற்சி

2004 ஏப்ரலில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கூடி ஒரு தீர்மானத்துக்கு வாக்களித்தார்கள். ஆதரவாக 156 பேர், எதிராக 84 பேர். இளநிலைப் பாடங்களில் ஒவ்வொரு துறையும் கொடுக்கும் கிரேடுகளில் ஏ பிளஸ், ஏ, ஏ மைனஸ் மூன்றும் சேர்ந்து 35 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது தீர்மானம். மூன்றாம், நான்காம் ஆண்டில் மாணவர்கள் தனியாகச் செய்யும் ஆய்வுப் பணிகளுக்கு மட்டும் 55 சதவீதம் வரை போகலாம். அந்தக் காலத்தில் அங்கே வழங்கப்பட்ட கிரேடுகளில் கிட்டத்தட்ட பாதி 'ஏ' வகை. ஆகவே இது சின்னத் திருத்தம் இல்லை. பெரிய வெட்டு.

பத்தரை ஆண்டு கழித்து, 2014 அக்டோபரில், அதே பேராசிரியர் அவை அந்த இரண்டு எண்களையும் விதியிலிருந்து எடுத்துவிட்டது.

தகுதி ஏறாமலே கிரேடுகள் மட்டும் ஏறிக்கொண்டே போவதை 'கிரேடு வீக்கம்' என்பார்கள். அதைப் பற்றிப் பேசாத பல்கலைக்கழகம் அமெரிக்காவில் குறைவு. குழு போடுவார்கள், அறிக்கை எழுதுவார்கள், வருத்தப்படுவார்கள். அடுத்த ஆண்டு சராசரி இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும். பிரின்ஸ்டன் உண்மையிலேயே ஒரு காரியத்தைச் செய்து பார்த்தது. அதனால்தான் இந்த நிகழ்வைத் தேர்ந்தெடுத்தேன். அந்த முயற்சி ஏன் நிற்கவில்லை என்று பார்த்தால், பெயர்பெற்ற பல்கலைக்கழகப் பட்டத்தின் மதிப்பு எங்கே இருக்கிறது, கிரேடு வீங்கும்போது யாருக்கு நஷ்டம் என்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வருகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரேடு வீங்கினால் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பெயரைத் தவிர வேறு பின்பலம் இல்லாமல் உள்ளே வந்த மாணவர்தான் இழக்கிறார். அதே மாணவர்தான், வீக்கத்தைக் குறைக்கும் முயற்சி அவசரமாக நடந்தால் அதிலும் முதலில் அடிபடுகிறார். பிரின்ஸ்டனின் கதை இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் நடந்தது.

பாதி வகுப்பு 'ஏ' வாங்கியது எப்படி

இந்தக் குறை புதிதில்லை. 1894ஆம் ஆண்டிலேயே ஹார்வர்டில் ஒரு குழு, பெரிய தகுதி இல்லாத விடைத்தாள்களுக்கும் 'ஏ' எளிதாகக் கிடைத்துவிடுகிறது என்று எழுதி வைத்திருக்கிறது. இதைக் காட்டி, "எல்லாக் காலத்திலும் இருக்கிற புலம்பல்தானே" என்று தள்ளுபவர்கள் உண்டு. ஆனால் எண்ணிக்கையைப் பார்த்தால் அப்படித் தள்ள முடியாது. ஸ்டூவர்ட் ரோஸ்டாசரும் கிறிஸ்டோபர் ஹீலியும் அமெரிக்கா முழுவதும் பல கல்லூரிகளின் கிரேடு விவரங்களைத் திரட்டி 2012இல் வெளியிட்டார்கள். 1960இல் கொடுக்கப்பட்ட கிரேடுகளில் 'ஏ' சுமார் 15 சதவீதம். அரை நூற்றாண்டுக்குள் அது 43 சதவீதம். கல்லூரிகளில் மிக அதிகமாக வழங்கப்படும் கிரேடே 'ஏ'தான் என்ற நிலை வந்துவிட்டது. அரசுக் கல்லூரிகளைவிடத் தனியார் கல்லூரிகளில் ஏற்றம் அதிகம்.

முதல் பெரிய ஏற்றம் 1960களின் பிற்பாதியில் வந்தது. வியட்நாம் போர்க் காலம் அது. கல்லூரியில் படிப்பவர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து தள்ளிவைப்பு இருந்தது. மோசமான கிரேடு போட்டால் எதிரே உட்கார்ந்திருக்கிற பையன் போர்க்களத்துக்குப் போக நேரிடலாம் என்ற எண்ணம் பேராசிரியர்களின் கையைத் தளர்த்தியது என்பார்கள். போர் முடிந்த பின் கொஞ்ச காலம் ஏற்றம் நின்றது. 1980களில் மறுபடி தொடங்கியது, அப்புறம் நிற்கவே இல்லை. கட்டணம் ஏறியது. மாணவரை வாடிக்கையாளராகப் பார்க்கும் மனப்போக்கு வளர்ந்தது. பருவ இறுதியில் ஆசிரியருக்கு மாணவர் மதிப்பீடு தருவது வழக்கமானது, அந்த மதிப்பீடு ஆசிரியரின் பதவி உயர்வோடு பிணைந்தது. நிரந்தரப் பணி இல்லாத ஒரு விரிவுரையாளர், அடுத்த ஆண்டு ஒப்பந்தம் தன் மாணவர்களின் மனநிறைவைப் பொறுத்தது என்று தெரிந்துகொண்டே 'பி மைனஸ்' போடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! தனித்தனியாகப் பார்த்தால் யாரும் தப்பு செய்யவில்லை. கொஞ்சம் இரக்கம், கொஞ்சம் பயம். முப்பது ஆண்டில் அது மலையாகிவிட்டது.

2001இல் ஹார்வர்டில் பட்டம் வாங்கியவர்களில் 91 சதவீதம் பேர் சிறப்புத் தகுதியோடு வெளியே வந்தார்கள் என்ற செய்தி பத்திரிகையில் வந்தபோது நாடே பேசியது. அதே காலத்தில் அங்கே அரசியல் தத்துவம் கற்பித்த ஹார்வி மான்ஸ்ஃபீல்ட் ஒரு விசித்திரமான வழியைக் கையாண்டார். ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு கிரேடு. பதிவேட்டுக்குப் போவது ஒன்று, மற்றவர்கள் கொடுக்கிற அளவுக்கு உயர்ந்தது. உண்மையில் அந்த மாணவருக்கு என்ன தகும் என்று அவர் நினைத்தது இன்னொன்று, அது மாணவரிடம் தனியாகச் சொல்லப்படும். தன் கிரேடு மட்டும் குறைவாக இருந்தால் தன் மாணவர்தான் தண்டிக்கப்படுவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு தனி ஆசிரியர் கண்டுகொண்ட அந்தச் சிக்கலில்தான் சில ஆண்டுகளில் பிரின்ஸ்டன் முழுவதும் போய் விழுந்தது.

35 என்ற எண்

பிரின்ஸ்டனில் இளநிலைக் கல்லூரியின் டீனாக இருந்தவர் வரலாற்றுப் பேராசிரியர் நான்சி மால்கீல். அவர் தரப்பு வாதம் நேர்மையானது. நன்றாகச் செய்த வேலைக்கும் அபாரமாகச் செய்த வேலைக்கும் ஒரே கிரேடு கொடுத்தால், மாணவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. அது கற்பித்தலில் விழுகிற ஓட்டை. இரண்டாவது காரணம் துறைகளுக்கிடையே இருந்த ஏற்றத்தாழ்வு. இயற்கை அறிவியலிலும் பொறியியலிலும் கிரேடு இறுக்கமாகவும், இலக்கியம் போன்ற கலைத் துறைகளில் தாராளமாகவும் இருந்தது. வேதியியல் படித்தவரின் 'பி பிளஸ்' இலக்கியம் படித்தவரின் 'ஏ மைனஸ்'ஸைவிடக் கடினமாக உழைத்து வாங்கியதாக இருக்கலாம், ஆனால் பட்டியலைப் பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? எல்லாத் துறைக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதுதான் அடிப்படை எண்ணம்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். பின்னால் வந்த குழப்பம் முழுக்க இதில்தான் தொடங்குகிறது. 35 சதவீதம் என்பது துறைக்கான அளவு. அதையும் ஓராண்டை மட்டும் வைத்துப் பார்க்காமல் சில ஆண்டுகளின் சராசரியாகப் பார்ப்பதாகத்தான் ஏற்பாடு. எந்த வகுப்பிலும் இத்தனை பேருக்குமேல் 'ஏ' கூடாது என்று விதி சொல்லவில்லை. பத்துப் பேர் உள்ள ஒரு கருத்தரங்க வகுப்பில் ஏழு பேர் அபாரமாக எழுதியிருந்தால் ஏழு பேருக்கும் 'ஏ' கொடுக்கலாம். அதே துறையின் பெரிய வகுப்புகளில் அது சமனாகிவிடும்.

காகிதத்தில் சரிதான். ஆனால் அந்தப் பத்துப் பேர் வகுப்பை நடத்துகிற ஆசிரியர் என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய வகுப்பை நடத்துபவர் எத்தனை 'ஏ' கொடுப்பார் என்று இவருக்குத் தெரியாது. ஆண்டு முடிவில் துறைவாரியான கணக்கு எல்லோர் கைக்கும் வரும். தன் துறை அளவைத் தாண்டியிருந்தால் தலைவர் கேட்பார். ஆகவே தன் வகுப்பிலேயே மூன்றரைப் பேர் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு. நான்காவது நல்ல கட்டுரைக்கு 'பி பிளஸ்'. அந்த மாணவர் வந்து ஏன் என்று கேட்டால், கட்டுரையில் இருக்கிற குறையைச் சொல்வதைவிட "விதி அப்படி" என்று சொல்வது எளிது. இப்படி விதி ஆசிரியருக்குக் கேடயமாக மாறியது. எழுத்தில் இலக்காக இருந்தது, நடப்பில் ஒதுக்கீடாகிவிட்டது.

மாணவர்கள் தரப்பில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு 'ஏ' கிடைத்தால் தனக்கு ஒன்று குறைகிறது என்ற எண்ணம் வந்துவிட்டால், குறிப்பேட்டைக் கடன் கொடுக்கக்கூட மனம் வராது. சேர்ந்து படிப்பது பல்கலைக்கழக வாழ்க்கையின் உயிர்நாடி. அதில் சந்தேகம் புகுந்தது. இது எவ்வளவு தூரம் உண்மை, எவ்வளவு தூரம் பயம் என்று பிரித்துச் சொல்வது கடினம். பயமே போதும், நடத்தை மாறுவதற்கு.

இத்தனைக்கும் 35ஐ பிரின்ஸ்டன் தொடவே இல்லை. பல்கலைக்கழக அளவில் 'ஏ' வகை 40 சதவீதத்தை ஒட்டி இறங்கி, பின்பு மெல்ல ஏறத் தொடங்கியது.

வாசலுக்கு வெளியே

பிரின்ஸ்டன் மற்றவர்கள் பின்தொடர்வார்கள் என்று எதிர்பார்த்தது. பெயர்பெற்ற மற்ற பல்கலைக்கழகங்கள் எதுவும் அந்த வழியில் வரவில்லை. ஏன் வர வேண்டும்? முதலில் குறைப்பவருக்கு நஷ்டம், காத்திருப்பவருக்கு லாபம்.

அந்த நஷ்டத்தைக் கணக்காகப் பார்ப்போம். பிரின்ஸ்டனில் ஏ மைனஸுக்கு 3.7 புள்ளி, பி பிளஸுக்கு 3.3. ஒரு மாணவர் 30 பாடம் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 18இல் ஏ மைனஸும் 12இல் பி பிளஸும் வாங்கினால் ஜிபிஏ, அதாவது எல்லாப் பாடங்களின் சராசரிப் புள்ளி, 3.54. அதே மாணவர், அதே உழைப்பு, எட்டுப் பாடத்தில் மட்டும் ஆசிரியர் கை இறுக்கி ஏ மைனஸ் பி பிளஸ் ஆகிவிட்டால் 3.43. வித்தியாசம் வெறும் 0.11. ஆனால் பல நிதி, ஆலோசனை நிறுவனங்கள் விண்ணப்பங்களை வடிகட்ட 3.5 என்று ஒரு கோடு போட்டுக்கொள்வது வழக்கம். கோட்டுக்கு மேலே இருக்கிற விண்ணப்பத்தை மனிதர் படிப்பார். கீழே இருப்பதை யாரும் திறக்க மாட்டார்கள்.

பிரின்ஸ்டன் ஒவ்வொரு கிரேடு பட்டியலோடும் தன் கொள்கையை விளக்கும் குறிப்பை இணைத்து அனுப்பியது. எங்கள் மாணவர்களுக்கு வேலையிலோ மேற்படிப்பிலோ பாதிப்பு இல்லை என்றுதான் நிர்வாகம் சொல்லிவந்தது. பல்கலைக்கழக அளவில் அது சரியாகவே இருந்திருக்கலாம். பிரின்ஸ்டன் என்ற பெயர் பெரும்பாலோரைத் தாங்கிப் பிடித்திருக்கும். ஆனால் சட்டக் கல்லூரிச் சேர்க்கையை எடுத்துக்கொண்டால், அந்தக் குறிப்பைப் படித்து அனுதாபப்படும் அதிகாரிக்குக்கூட ஒரு கட்டாயம் இருக்கிறது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் புகழ்பெற்ற பட்டியல், சேர்ந்த மாணவர்களின் ஜிபிஏவில் நடு மதிப்பைக் கணக்கில் எடுக்கிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது, எவ்வளவு கடினமான இடத்தில் வாங்கியது என்ற விளக்கத்துக்கு அங்கே இடமில்லை. தாராளமான கல்லூரியிலிருந்து வரும் 3.8 சட்டக் கல்லூரியின் வரிசையை உயர்த்தும். இறுக்கமான கல்லூரியின் 3.5 எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் இறக்கும். விளக்கக் குறிப்பு மனிதரிடம் பேசும், சூத்திரத்திடம் பேசாது.

இந்த இடத்தில் யாருக்கு அதிகம் வலித்தது என்பதுதான் எனக்கு முக்கியம். தந்தையின் நண்பர் நிறுவனத்தில் கோடைக்காலப் பயிற்சி கிடைக்கிற மாணவருக்கு 3.43 ஒரு பொருட்டில்லை. அவருடைய விண்ணப்பம் வடிகட்டி வழியாகப் போவதே இல்லை. குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்தவருக்கு, கோட்டுக்குக் கீழே இறங்கினால் பின்வாசல் கிடையாது.

குழுவும் அதன் கண்டுபிடிப்பும்

2013இல் கிறிஸ்டோபர் ஐஸ்குரூபர் பல்கலைக்கழகத் தலைவரானார். வந்த சில மாதங்களில் கிரேடு கொள்கையை மறுபரிசீலனை செய்ய ஒரு குழு அமைத்தார். இயந்திரவியல், விண்வெளிப் பொறியியல் பேராசிரியர் கிளாரன்ஸ் ரௌலி அதன் தலைவர். 2014 ஆகஸ்டில் அறிக்கை வந்தது.

எதிர்பார்க்கக்கூடிய விஷயங்கள் அதில் இருந்தன. எண் இலக்குகளை ஒதுக்கீடு என்றே எல்லோரும் புரிந்துகொண்டார்கள், மாணவர்களின் மன அழுத்தம் கூடியது, 'ஏ' என்பது பங்கிட்டுக்கொள்ள வேண்டிய அரிய பொருள் போல ஆகிவிட்டது, சேர விரும்பும் மாணவர்கள்கூட இந்தக் கொள்கையைச் சொல்லித் தயங்கினார்கள். இவற்றை நான் வேகமாகக் கடக்கிறேன், காரணம் அறிக்கையில் இவற்றைவிட ஆச்சரியமான ஒரு வரி உண்டு.

கிரேடுகள் இறங்கியதில் பெரும்பங்கு, கொள்கை முறையாக நடைமுறைக்கு வரும் முன்பே நடந்துவிட்டது. 2003 முதல் 2005 வரையான காலத்தில். அதாவது பேராசிரியர்கள் இதைப் பற்றித் துறைக்கூட்டங்களில் பேச ஆரம்பித்தபோது, பக்கத்து அறை ஆசிரியர் எப்படி கிரேடு போடுகிறார் என்று முதல்முறையாகத் தெரிந்துகொண்டபோது, எண்ணிக்கை தானாக இறங்கியது. அதற்குப் பின் பத்து ஆண்டு 35 என்ற எண் சாதித்தது சொற்பம். ஆனால் அத்தனை வெறுப்பையும் அந்த எண்தான் சம்பாதித்தது.

இதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. பேச்சே வேலை செய்திருக்கிறது! துறைக்குள் உட்கார்ந்து எது 'ஏ', எது 'பி' என்று எழுதி வைத்து, அதை மாணவரிடமும் காட்டியிருந்தால் எத்தனை பேருடைய நான்கு ஆண்டு வேறு மாதிரி போயிருக்கும். ரௌலி குழு கடைசியில் பரிந்துரைத்ததும் அதையே: எண்ணை எடுத்துவிடுங்கள், துறைகள் தங்கள் அளவுகோலைத் தாங்களே எழுதட்டும், கிரேடைவிட மாணவருக்குக் கொடுக்கும் கருத்துரையின் தரத்தைக் கவனியுங்கள். அக்டோபரில் அவை ஏற்றுக்கொண்டது.

எண் போன பின் என்ன ஆனது? 2018-19 கல்வியாண்டில் பிரின்ஸ்டனின் சராசரி 3.46ஐத் தொட்டது. அளவுகோல் எழுதும் வேலை மட்டும் போதவில்லை என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் வெளியே இருந்த கட்டாயங்கள் ஒன்றும் மாறவில்லை.

வெல்லெஸ்லி காட்டிய பக்கம்

அதே 2004இல் மாசசூசெட்ஸில் உள்ள வெல்லெஸ்லி என்ற மகளிர் கல்லூரியும் ஒரு விதி கொண்டுவந்தது. பத்துப் பேருக்குக் குறையாத தொடக்க நிலை, இடைநிலை வகுப்புகளில் சராசரி 3.33ஐ, அதாவது பி பிளஸைத் தாண்டக் கூடாது. அறிவியல் துறைகளும் பொருளாதாரமும் ஏற்கெனவே அந்த அளவுக்குள் இருந்தன. மற்ற துறைகள்தான் குறைக்க வேண்டியிருந்தது. இதனால் இயல்பாகவே ஒரு ஒப்பீடு கிடைத்தது. அந்தக் கல்லூரியின் மூன்று பொருளாதார ஆசிரியர்கள், கிறிஸ்டின் புட்சர், பாட்ரிக் மக்கீவன், அகில வீரபான, அதை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள்.

விதி வேலை செய்தது. கிரேடுகள் உச்சியில் குவிந்திருந்தது குறைந்தது. கூடவே வேறு சிலவும் நடந்தன. கிரேடு குறைத்த துறைகளிலிருந்து மாணவிகள் விலகினார்கள். அந்தத் துறைகளை முதன்மைப் பாடமாக எடுப்பவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். ஆசிரியர்களுக்கு மாணவிகள் தந்த மதிப்பீடும் இறங்கியது. கறுப்பின மாணவிகளின் கிரேடுகள் மற்றவர்களைவிட அதிகமாக இறங்கின, இடைவெளி கூடியது.

கடைசிச் செய்தியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. "கிரேடு வீக்கம்தான் ஏழை மாணவரைக் கெடுக்கிறது, ஆகவே இறுக்குங்கள்" என்று என்னைப்போல் வாதிடுகிறவர்கள் இந்த ஆய்வுக்கு முகம் கொடுக்க வேண்டும். தாராளமான கிரேடு பள்ளிக்கூடக் காலத்து ஏற்றத்தாழ்வை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தபோது அது வெளியே தெரிந்தது. மூடியே வைத்திருப்பதும் நியாயமில்லை, திறந்துவிட்டு அந்த மாணவியைத் தனியே விடுவதும் நியாயமில்லை. முதலாண்டில் எழுத்துப் பயிற்சி, கணக்குப் பயிற்சி, ஆசிரியருடன் உட்கார்ந்து பேசும் நேரம், இவற்றுக்குச் செலவு செய்யாமல் கிரேடை மட்டும் இறுக்குவது வைத்தியம் பார்க்காமல் காய்ச்சலை அளந்து சொல்வதைப் போன்றது.

கார்னெல் வேறு வழியை முயன்றது. ஒவ்வொரு பாடத்திலும் கொடுக்கப்பட்ட கிரேடுகளின் நடு மதிப்பை 1998 முதல் இணையத்தில் போட்டது. கூடவே அது மாணவரின் பட்டியலிலும் அச்சாக வேண்டும் என்பது திட்டம். ஆனால் பட்டியலில் அச்சாவது 2008இல் சேர்ந்த மாணவர்களிலிருந்துதான் தொடங்கியது. நடுவில் பத்து ஆண்டு, எந்தப் பாடத்தில் எளிதாக 'ஏ' கிடைக்கும் என்ற தகவல் மாணவர் கையில் இருந்தது, அந்த 'ஏ' எளிதானது என்ற தகவல் வேலை கொடுப்பவர் கையில் இல்லை. விளைவு என்ன என்று யாராலும் ஊகிக்க முடியும். தாராளமான பாடங்களுக்குக் கூட்டம் கூடியது. இதை ஆராய்ந்த கட்டுரை 2009இல் வந்தது. 2011இல் இணையத்தில் வெளியிடுவதைக் கார்னெல் நிறுத்தியது.

பட்டத்தில் எது மதிப்பு

இனி பெரிய கேள்விக்கு வருவோம். எல்லோரும் 'ஏ' வாங்கினால் அந்தப் பட்டத்தின் மதிப்பு குறைய வேண்டும் அல்லவா? நாணயம் அதிகம் அச்சடித்தால் மதிப்பு இறங்குவது போல? அப்படி நடக்கவில்லை. கிரேடுகள் ஏறிய அதே காலத்தில் இந்தப் பல்கலைக்கழகங்களில் சேரத் துடிப்பவர்கள் பல மடங்கு பெருகினார்கள். ஹார்வர்டில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் இப்போது சுமார் நான்கு பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது.

காரணம், இரண்டு விதமான செய்தி ஒரு பட்டத்தில் இருக்கிறது. 1973இல் பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் சொன்ன விஷயத்தை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம். வேலை கொடுப்பவருக்கு விண்ணப்பிப்பவரின் திறமை கண்ணுக்குத் தெரியாது, அதனால் கல்வியை ஒரு அடையாளமாகப் படிக்கிறார். பெயர்பெற்ற பல்கலைக்கழகப் பட்டத்தில் முதல் அடையாளம், பதினெட்டு வயதில் அந்த வாசலைத் தாண்டினார் என்பது. இரண்டாவது, உள்ளே நான்கு ஆண்டு என்ன செய்தார் என்பது. கிரேடு வீங்கும்போது அழிவது இரண்டாவது அடையாளம் மட்டும். முதலாவது அப்படியே இருக்கிறது, சொல்லப்போனால் இன்னும் கனமாகிறது, ஏனென்றால் பார்ப்பதற்கு வேறொன்றும் மிச்சமில்லை.

அந்த வாசலுக்கு எவ்வளவு விலை? ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தரத்திலான கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களை ஒப்பிட்டார்கள். பெரிய பெயருள்ள இடத்துக்குப் போனவரும், போகாமல் சாதாரண இடத்தைத் தேர்ந்தெடுத்தவரும் பின்னாளில் ஏறத்தாழ ஒரே அளவு சம்பாதித்தார்கள். வசதி குறைந்த குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் பெரிய கல்லூரி பலன் தந்தது. 2023இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் காத்திருப்புப் பட்டியலிலிருந்து இடம் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் வைத்து இதை மறுபடி பார்த்தார்கள். ஐவி லீக் எனப்படும் எட்டுப் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களும் அவற்றுக்கு இணையான சிலவும் சேர்ந்து, சராசரி வருமானத்தைப் பெரிதாக உயர்த்தவில்லை. ஆனால் நாட்டின் உச்ச 1 சதவீத வருமானத்துக்குள் நுழையும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு ஆனது. பெயர்பெற்ற நிறுவனத்தில் வேலை கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. அதே ஆய்வின் இன்னொரு பகுதி, ஒரே நுழைவுத் தேர்வு மதிப்பெண் வைத்திருந்தாலும் உச்ச 1 சதவீதக் குடும்பப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு நடுத்தர வர்க்கப் பிள்ளைகளைப்போல இரண்டு மடங்குக்கு மேல் என்று காட்டியது.

இவற்றைச் சேர்த்துப் படித்தால் படம் தெளிவாகிறது. வாசல் செல்வந்தர் பக்கம் சாய்ந்திருக்கிறது. உள்ளே வந்தபின், குடும்பப் பெயர் உதவாத ஒரே இடம் வகுப்பறை. அங்கே வாங்கும் கிரேடு ஒன்றுதான் முழுக்கச் சொந்த உழைப்பில் சேர்த்தது என்று ஒருவர் காட்ட முடியும். அதை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுவிட்டால் வேலை கொடுப்பவர் தேர்ந்தெடுப்பதை நிறுத்துவாரா? நிறுத்த மாட்டார். வேறு எதையாவது பார்ப்பார். மாணவர் மன்றத்தில் என்ன பொறுப்பு, கோடையில் எந்த நிறுவனத்தில் பயிற்சி, யார் பரிந்துரைக் கடிதம் எழுதினார். இந்த மன்றங்களில் பலவற்றில் சேரவே விண்ணப்பமும் நேர்காணலும் உண்டு. அங்கே போட்டி குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. பணம் சம்பாதிக்க வேண்டிய கட்டாயத்தில் மாலை நேரத்தில் நூலக மேசையில் வேலை பார்க்கும் மாணவர் அந்தப் போட்டிக்கு எப்படிப் போவார்?

இன்றைய ஹார்வர்டு

2025 அக்டோபரில் ஹார்வர்டின் இளநிலைக் கல்வி டீன் அமாண்டா கிளேபா ஓர் அறிக்கை வெளியிட்டார். அப்போது அங்கே கொடுக்கப்பட்ட கிரேடுகளில் 60 சதவீதத்துக்கு மேல் 'ஏ'. பத்தாண்டுக்கு முன் 40 சதவீதம், இருபதாண்டுக்கு முன் கால்பங்குக்கும் குறைவு. யேலில் 2022-23இல் 'ஏ', 'ஏ மைனஸ்' இரண்டும் சேர்ந்து 79 சதவீதம் என்று பொருளாதாரப் பேராசிரியர் ரே ஃபேர் கணக்கெடுத்தார். பொருளாதாரத் துறையில் மட்டும் பார்த்தால் 52 சதவீதம். துறைகளுக்கிடையே அநீதி இருக்கிறது என்று பிரின்ஸ்டன் 2004இல் சொன்ன குறை இருபது ஆண்டு கழித்து இன்னொரு ஊரில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

மாணவர்கள் முன்பைவிடத் திறமையானவர்கள், அதனால் கிரேடு ஏறியது என்று ஒரு பதில் உண்டு. ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் பத்து ஆண்டில் 40இலிருந்து 60க்கு ஏறும் அளவுக்குத் திறமை வளர்ந்ததாக நம்புவது கடினம். கோவிட் காலத்தில் ஆசிரியர்கள் இரக்கத்தோடு தளர்த்தியது பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பது அதைவிட எளிய விளக்கம்.

பிரின்ஸ்டன் செய்ததைத் திருப்பிச் செய்ய நினைப்பவர்களுக்கு நான் மூன்று விஷயங்களை வற்புறுத்துவேன். தனியே போகாதீர்கள். ஒத்த பல்கலைக்கழகங்கள் பேசிவைத்து ஒரே ஆண்டில் தொடங்கட்டும். பட்டியலில் மாணவரின் கிரேடுக்குப் பக்கத்தில் அந்த வகுப்பின் நடு மதிப்பையும் அச்சிடுங்கள். டார்ட்மவுத் 1990களிலிருந்து இதைச் செய்கிறது. அதனால் அங்கே வீக்கம் நின்றுவிடவில்லை, ஆனாலும் படிக்கிறவருக்கு உண்மை தெரிகிறது. கடினமான வகுப்பில் 'பி பிளஸ்' வாங்கியவர் அதற்காகக் கூச வேண்டியதில்லை. மூன்றாவது, முதலாண்டு மாணவருக்கான பயிற்சியைத் தொடங்கிவிட்டு அப்புறம் கிரேடில் கைவையுங்கள், வெல்லெஸ்லியில் நடந்ததை மறக்காமல்.

பிரின்ஸ்டனில் 2004 இலையுதிர் காலத்தில் சேர்ந்து 2008இல் வெளியேறியவர்கள் முதல் 2014 ஜூனில் பட்டம் வாங்கியவர்கள் வரை, ஏழு அணி மாணவர்கள் தீர்மானம் வந்த பின் சேர்ந்து, அது நீங்கும் முன்பே படித்து முடித்தார்கள். கடைசி அணி வெளியேறிய நான்கு மாதத்தில் விதி நீங்கியது. அவர்களுடைய கிரேடுகளை யாரும் திருத்தவில்லை. 2010இல் படித்த ஒருவரும் 2019இல் படித்த ஒருவரும் இன்று ஒரே மேற்படிப்புக்கு விண்ணப்பித்தால், இரண்டு பட்டியலிலும் ஒரே பல்கலைக்கழகத்தின் முத்திரைதான் இருக்கும்.